பெயர் தெரியாமல் வந்த அலை

வணக்கம். ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். 2004 டிசம்பர் 26க்கு முன்னால் ‘சுனாமி’ என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? புவியியல் படித்தவர்களை விட்டுவிடுங்கள். நான் கேட்டதே இல்லை. அப்போது எனக்குப் பதிமூன்று வயது, சென்னையில் கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் வீடு.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை வாக்கில் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. அப்பா "லாரி போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார்.

[திரையில்: வங்கக்கடல் வரைபடம்]

அது லாரி இல்லை. நம் நேரப்படி 6.28க்கு, சுமத்ராவின் மேற்கே கடலுக்கு அடியில், பூமியின் ஒரு தட்டு இன்னொன்றின் கீழே வழுக்க, அந்தமான் பக்கம் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் ஓடியது. 9.1 அளவு நிலநடுக்கம். கடலடி தூக்கிக்கொண்டது, அதன் மேல் நின்ற தண்ணீர் மொத்தமும் கூடவே எழும்பியது. ஆழ்கடலில் இப்படி ஒரு அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், ஆனால் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது, படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரைப்பக்கம் ஆழம் குறையக் குறைய முன்னால் போகிற தண்ணீர் தளர்ந்துவிடும், பின்னால் வருவது அதன் மேல் ஏறிக்கொள்ளும். அப்புறம் அது அலை மாதிரி இருக்காது, கடலே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

சென்னைக்கு வந்து சேர அதற்கு இரண்டரை மணி நேரம் ஆனது. இதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசையும். பசிபிக் கடலுக்கு எச்சரிக்கை மையம் இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தை அலை வாரிக்கொண்டு போன பிறகும் மெரினாவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் கடலோரத்தில் நின்றார்கள்.

ஒன்பது மணி இருக்கும், எங்கள் தெருவில் ஈரப் பாவாடையோடு ஒரு அக்கா ஓடிவந்தார். "கடல் உள்ள வருது, ஓடுங்க!" எதிர்வீட்டுத் தாத்தா சிரித்தார். கடல் எப்படி உள்ளே வரும்? அவரைக் குறை சொல்ல முடியாது. நம்மிடம் ‘கடல்கோள்’ என்று அழகான பழைய சொல் ஒன்று இருந்தது, குமரிக்கண்டம் பாடத்தில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம், ஆனால் அந்தக் காலையில் அது யார் வாயிலும் வரவில்லை.

சரி, இது வரலாறு என்று எப்போது உறைத்தது? அலையைப் பார்த்தபோது இல்லை, ராத்திரி டிவி முன்னால்தான். அன்றைக்கு டாக்காவில் இந்தியா வங்கதேசத்திடம் 15 ரன்னில் தோற்றிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அப்பா ஒரு வாரம் புலம்பியிருப்பார். அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாகப்பட்டினம் என்ற பெயருக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போனது, செய்தி வாசித்தவர் ‘சுனாமி’ என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்தார், யாரும் உட்காரவில்லை.

நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து எல்லாம் சேர்த்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மறுபடி வரலாம் என்று மத்திய உள்துறையிலிருந்து எச்சரிக்கை வந்தது. கரையோரமே காலியாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை, ஆனால் இந்த முறை எதிர்வீட்டுத் தாத்தாதான் முதலில் ஓடினார். ஐதராபாத்தில் முறையான எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது.

வீடு இழந்தவர்களுக்கு அப்புறம் ‘சுனாமி குடியிருப்பு’கள் கட்டினார்கள். போன மாதம் வடசென்னையில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தேன். டிரைவர் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, தலையை வெளியே நீட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்: "சுனாமி, சுனாமி, ரெண்டு சீட் இருக்கு, ஏறுங்க."