1939 நியூயார்க் உலகக் கண்காட்சி தந்தது நம்பிக்கையே!

நடுவர் அவர்களே, எதிரணியினரே, உட்கார இடமில்லாம நின்னுக்கிட்டே கேக்குற தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னாடி பேசின சகோதரி ஒரு போடு போட்டாங்க. "கண்காட்சிக்கு நாளைய உலகம்னு பேர் வச்சு, கார் கம்பெனிக்காரன் சட்டையில ஒரு பேட்ஜைக் குத்தி அனுப்பினான். ஜனங்க ஏமாந்தாங்க!" நீங்களும் கை தட்டினீங்க. அந்த பேட்ஜ் கதையை நான் முழுசா சொல்றேன். அப்புறம் தட்டுங்க.

அந்தக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸோட அரங்கம். அமைச்சவர் நார்மன் பெல் கெடஸ். வாசல்ல மைல் கணக்குல வரிசை. யாரு நிக்கிறா? பத்து வருஷப் பொருளாதார மந்தத்துல வேலை போன ஜனம். ரொட்டிக்காக வரிசையில நின்ன கால், இன்னைக்கு நாளைய நாளைப் பார்க்க நிக்குது! உள்ள 552 நகரும் நாற்காலி. உட்கார்ந்தா நாற்காலியே காதோரம் கதை சொல்லும். கீழே 1960-ஆம் வருஷத்து அமெரிக்கா. விரக்கடை உயரத்துக்கு வீடு, நெடுஞ்சாலையில எறும்பு மாதிரி ஊர்ற காரு. கடைசியா ஒரு நாற்சந்தி, பொம்மைக் கொலு மாதிரி. அதைப் பார்த்துக்கிட்டே எழுந்து வெளிய வந்தா...

வெளிய வந்தா என்ன தெரியுமா? அதே நாற்சந்தி! நிஜ அளவுல! இப்பதான் பொம்மையா பார்த்த தெருவுல அவனே நிக்கிறான். சகோதரி, அந்த நிமிஷத்துல அவன் நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்? அப்பதான் கையில பேட்ஜ். "நான் எதிர்காலத்தைப் பார்த்துவிட்டேன்." வேலையில்லாதவன் சட்டையில இந்த வரி இருந்தா அது விளம்பரமா? இருக்கட்டும், விளம்பரம்னே வச்சுக்குவோம். 1956-ல அமெரிக்கா நாடு முழுக்க நெடுஞ்சாலை போட சட்டம் கொண்டுவந்துச்சே, அதுவுமா விளம்பரம்?

"அதே 1939 செப்டம்பர்ல போர் வந்துச்சே"ன்னு கேட்டாங்க. வந்துச்சு. போலந்து விழுந்துச்சு. அதுக்கு முன்னாடியே, மார்ச் மாசமே, ஹிட்லர் செக் மண்ணுக்குள்ள புகுந்துட்டான். ஏப்ரல் 30 கண்காட்சி ஆரம்பம். நாடு போச்சு, அரங்கம் போகலை ஐயா! மூடச் சொல்லி ஜெர்மனி நெருக்கியும், செக்கோஸ்லோவாக்கியா அரங்கத்தைத் திறந்தாங்க. இல்லாத நாட்டுக்கு ஒரு வீடு!

இன்னும் ஒண்ணு. கண்காட்சி நடந்த ஃப்ளஷிங் மெடோஸ் முன்னாடி நகரத்துச் சாம்பலைக் கொட்டுன இடம். அங்க 1938 செப்டம்பர்ல, ஐரோப்பாவுல போர் மூளுமான்னு உலகமே நடுங்குன நாள்கள்ல, 50 அடி ஆழத்துல காலப்பெட்டகம்னு ஒரு உலோகக் குழாயை இறக்கினாங்க. திறக்க வேண்டிய வருஷம் 6939. உள்ள என்ன? பல் பிரஷ், ஊக்கு, ஒரு பெண்ணோட தொப்பி. கூடவே கண்ணாடிக் குழாய்ல அடைச்ச விதைகள். கோதுமை, பருத்தி... நெல்லு!

எங்க அப்பத்தா, அடுப்பு எரியாத நாள்லயும் விதைநெல்லு குதிர்ல கை வைக்கமாட்டா. பசிச்சு அழுத பிள்ளைகளைத் தண்ணி குடிக்கவச்சு மடியில போட்டுத் தட்டுவா. குதிர் மூடியை மட்டும் திறக்கமாட்டா. 5000 வருஷம் கழிச்சு வரப்போற, முகம் தெரியாத யாரோ பெத்த பிள்ளைக்காக எடுத்துவச்ச விதைநெல்லு அது.

இப்பவும் அங்கதான் இருக்கு, நடுவர் அவர்களே.