மறைஞானத் தேடல் பிரபஞ்ச அறிவுக்குத் துணையே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பிரபஞ்சத்தின் தோற்றத்தை அறியும் முயற்சிக்கு மறைஞான ஆய்வும் தனிமனித நம்பிக்கையும் துணையா, தடையா என்ற இன்றைய தலைப்பில், துணையே என்று வாதிட வந்திருக்கிறேன். சோதிடமும் ரசவாதமும் பல நூற்றாண்டுகளை வீணடித்தன என்றும், சான்றில்லாத நம்பிக்கை அறிஞனின் கண்ணைக் கட்டிவிடும் என்றும் எதிரணித் தோழர் முழங்கினார். மறைஞானிகள் கண்ட விடைகளெல்லாம் சரி என்று சொல்ல நானும் வரவில்லை; பெரும்பாலானவை பிழை. ஆனால் விடை பிழைத்தாலும் தேடல் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதையல்லவா நாம் பார்க்க வேண்டும்?

வானியலாளர் கெப்ளரை எடுத்துக்கொள்வோம். அன்று அறியப்பட்ட கோள்கள் ஆறு. அவற்றுக்கிடையே இடைவெளிகள் ஐந்து. எல்லா முகங்களும் ஒத்த சீர்திண்மங்களும் ஐந்தே ஐந்துதான். ஆகவே சனிக்கும் வியாழனுக்கும் நடுவே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவே நான்முகி என்று வரிசையாகப் பொருத்தி, படைப்பின் வரைபடமே கைக்கு வந்துவிட்டதாக அவர் நம்பினார். 1596-இல் அதை நூலாகவும் வெளியிட்டார். கருத்து முழுக்கத் தவறு. ஆனால் அந்த நூல்தான் அன்றைய பெரும் விண்நோக்காளர் டைக்கோ பிராகியின் கவனத்தை ஈர்த்து, அவருடைய துல்லியமான விண்நோக்குக் குறிப்புகளை நெருங்கும் வாய்ப்பைக் கெப்ளருக்குப் பெற்றுத் தந்தது. அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டபோது, செவ்வாய்க்கு அவர் போட்ட கணக்கு எட்டுக் கலை அளவு (ஒரு கலை என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிசகியது. முழுநிலவின் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு அது! வேறொருவராயின் போகட்டும் என்று விட்டிருப்பார். கடவுளின் கணக்கில் பிசகு இருக்காது என்று நம்பியவரால் விட முடியவில்லை. 1609-இல் கோள்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்ற விதி பிறந்தது. 1619-இல் கோள்களின் இசையைத் தேடி எழுதிய நூலில், இன்றும் பாடப்புத்தகத்தில் நாம் படிக்கும் கோள் இயக்கத்தின் மூன்றாம் விதி இடம்பெற்றது. அந்த இசை எவர் காதிலும் விழவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து நியூட்டன். அவர் ரசவாதத்தைப் பற்றி எழுதிக் குவித்த தாள்கள் 1936-இல் ஏலத்துக்கு வந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஈர்ப்பு விசைக் கொள்கையை அவர் முன்வைத்த காலத்தில், தொடாமல் இழுக்கும் விசையா, இது பழைய மறைபொருட் சரக்குதானே என்று லைப்னிட்ஸ் போன்ற பேரறிஞர்களே குற்றம் சாட்டினார்கள். எதிரணியின் அளவுகோலை அன்றைக்கே கையில் எடுத்திருந்தால், ஈர்ப்பு விசையைத்தான் முதலில் வெளியே தள்ளியிருப்போம்.

நம்பிக்கை மறைஞானிகளுக்கு மட்டுமே உரியதென்று எதிரணி எண்ணுவதும் விந்தைதான். பிரபஞ்சம் மாறாதது என்று நம்பிய ஐன்ஸ்டைன், அதை அசையாமல் நிறுத்த 1917-இல் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்தார். அது விரிகிறது என்று 1927-இல் காட்டி, பின்னர் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு என்றும் வாதிட்ட லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். தொடக்கம் என்ற எண்ணத்தையே வெறுத்த வானியலாளர் ஹாய்ல்தான், கார்பன் முதலிய தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகும் விதத்தை விளக்கியவர்களில் முதன்மையானவர். எதிரெதிர் நம்பிக்கைகள், இரண்டிலிருந்தும் அறிவியல் பயன் பெற்றது.

நம்பிக்கை கண்ணைக் கட்டும் என்ற குற்றச்சாட்டுக்கு லெமைத்ரின் வாழ்க்கையே மறுமொழி. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தப் புதிய அண்டவியலைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துக்காட்டிப் பேசியபோது, அதை விரும்பாதவர் அதே பாதிரியார்தான். தம் கோட்பாட்டை மதத்தோடு முடிச்சுப் போட அவர் சம்மதிக்கவில்லை, ஜெபத்தையும் கைவிடவில்லை. 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள், அந்தத் தொடக்கத்தின் எச்சமாகிய அண்டத்தின் பின்புலக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். மறு ஆண்டு மறைவதற்குச் சற்று முன் லெமைத்ர் அச்செய்தியைக் கேட்டார்.

மணியடிக்க நடுவர் கையை உயர்த்துகிறார். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தத் தொடக்கத்தை மூண்டெழச் செய்தது எது, அதற்கு முன் ஏதேனும் இருந்ததா என்பதற்கு இன்று எவரிடமும் உறுதியான சான்று இல்லை. இருந்திருக்கும் என்ற உள்ளுணர்வோடு சிலரும், இருந்திருக்காது என்ற உள்ளுணர்வோடு சிலரும் இந்த நொடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சான்று கிடைக்கும்வரை பேனாவை மூடி வையுங்கள் என்று இவர்களில் யாரிடம் போய்ச் சொல்லப் போகிறீர்கள்?