புற்றும் மொட்டைமாடியும்

(மயிலாப்பூரில் ஒரு ஞாயிறு மாலை, கட்டடக்கலை மாணவர்களும் வீடு கட்டும் ஆசையில் இருப்பவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

அவையிலுள்ள பெரியவர்களுக்கும், ஓடிவந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட மாணவர்களுக்கும் வணக்கம். காற்று எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். அந்தப் புத்தி வீடு கட்டும்போது மட்டும் நமக்கு எங்கே போய்விடுகிறது என்பதுதான் இன்றைக்கு என் பேச்சு.

இயற்கையைப் பார்த்துக் கட்டுவது என்றால் எல்லா மேடையிலும் ஒரு கதை வரும். ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் ஈஸ்ட்கேட் என்ற வளாகம். மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கறையான் புற்றை மனத்தில் வைத்து வடிவமைத்தார். 1996இல் திறந்தார்கள். நாம் பழகிய ஏசி அங்கே கிடையாது. ராத்திரியின் குளிர்ந்த காற்றை உள்ளே இழுத்துக் கனமான சுவர்களையும் தளங்களையும் குளிரவைப்பார்கள். பகல் முழுக்க அந்தக் குளிர்ச்சியைச் செலவழிப்பார்கள். சூடான காற்று புகைபோக்கி வழியாக மேலே போய்விடும்.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் புற்றுகளை அளந்து பார்த்தபோது, அது ஏசி மாதிரி வேலை செய்வதல்ல, நுரையீரல் மாதிரி மூச்சுவிடுவது என்று தெரிந்தது. பாடத்தைக் கொஞ்சம் தப்பாகப் படித்தும் பரீட்சையில் தேறிய கட்டடம் அது! எனக்கு அதில் குறையில்லை. என் குறை, அதே புற்றைத் தூக்கிவந்து சென்னை ஓஎம்ஆர் சாலையில் வைக்கப் பார்க்கிறார்களே, அவர்களிடம்தான். ஹராரே கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெயில் காலத்திலும் இரவு குளிர்ந்துவிடும். நமக்கு மே மாத விடியற்காலையிலேயே 28 டிகிரி வாக்கில் நிற்கிறது. ராத்திரியில் சேர்த்துவைக்க நம்மிடம் குளிர் எங்கே? கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதையாக, கடைசியில் அந்தப் புற்றுக்குள் ஏசிதான் குடியேறும்.

நம்மிடம் இருப்பது கடற்காற்று. கத்திரி வெயில் நாட்களில் காலையில் மேற்கிலிருந்து வருவது காய்ந்த நிலக்காற்று. அப்போது ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் அறை நன்றாகக் குளிரும். பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வந்ததும் அதே தட்டியை நனைத்துப் பயனில்லை. காற்றிலேயே ஈரம் இருக்கிறது, தண்ணீர் அவ்வளவாக ஆவியாகாது. அப்போது தட்டியைச் சுருட்டிவிட்டு ஜன்னலை எதிரும் புதிருமாகத் திறக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு காற்று, இரண்டு வைத்தியம். என் பாட்டிக்கு இது தெரியும். நாலு பக்கமும் கண்ணாடி மாட்டிய கட்டடத்துக்கு எப்படித் தெரியும்?

பாட்டியின் வீடு திருவல்லிக்கேணியில் இருந்தது. மேலே மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள் மேல் சின்னச் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, கோணல்வாட்டமாகச் சுண்ணாம்பில் ஒட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை. பிறகு சித்தாள் பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள், ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கலவை கெட்டிப்பட்டு கட்டை துள்ளும் வரைக்கும். நடுநடுவே கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். வெல்லம் சும்மா சாஸ்திரத்துக்கு இல்லை. சர்க்கரை சேர்ந்தால் சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலாகக் கரையும். கடைசியில் மேலே தட்டை ஓடு பதிப்பார்கள். அந்த மாடிக்குக் கீழே கோடையில் மத்தியானம் தூங்கியவன் நான்.

சுண்ணாம்பின் கணக்கு அழகானது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். நீற்றிப் பூசியபின், சுவர் அதே வாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. வெளியே விட்டதை எல்லாம் திரும்ப வாங்கிவிடுகிறது என்று சொல்லமாட்டேன், காளவாய் விறகின் புகை கணக்கில் நிற்கிறது. ஆனால் சிமெண்டுக்காகச் சுட்டெடுத்து அரைக்கும் கட்டிக்கு, அதாவது கிளிங்கருக்கு, 1,450 டிகிரி வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமெண்டின் பங்கு.

சுண்ணாம்போடு செங்கல் தூளைச் சேர்ப்பார்களே, சுர்க்கி, அதைப் பழைய கொத்தனார்கள் கேட்டு வாங்குவார்கள். சுட்ட களிமண் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். இப்போது எல்சி3 என்று ஒரு சிமெண்டைப் பற்றிப் பேசுகிறார்கள். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு நம் கிண்டி ஐஐடியும் டெல்லி ஐஐடியும் அதில் வேலை செய்திருக்கின்றன. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண் 30 சதவீதமும் சுண்ணாம்புக் கல் 15 சதவீதமும் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கோட்டு சூட்டு போட்ட சுர்க்கி!

பழைய பொருள் மியூசியத்துக்குத்தான் என்பவர்கள் சேப்பாக்கம் போய்ப் பாருங்கள். 2012 ஜனவரியில் தீயில் கருகிய, சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹாலைச் சுண்ணாம்பு கொண்டு மீட்டெடுத்தார்கள். இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறது.

சரி, என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் கேளம்பாக்கம் பக்கம் மண்கல்லில் ஒரு வீடு கட்டினேன். அச்சில் அழுத்திய, சூளையில் சுடாத கல். கொஞ்சம் சிமெண்ட் கலந்தால் நன்றாக நிற்கும். புத்தகத்தில் பார்த்த பாலைவன வீடு மாதிரி கூரையைச் சுவரோடு வெட்டி நிறுத்திவிட்டேன், தாழ்வாரம் இல்லை. மேஸ்திரி, "சார், ஐப்பசியில என்ன பண்ணுவீங்க?" என்றார். சிரித்தேன். ஐப்பசி வந்தது. வடகிழக்குச் சுவர் கரைந்து, கல்லின் விளிம்பெல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. என் செலவில் மூன்றடிக்குத் தாழ்வாரம் இறக்கிக் கொடுத்தேன். மண் என்னை ஏமாற்றவில்லை.

ஈஸ்ட்கேட் திறந்த அதே 1996இல்தான் சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், தென்னிந்தியப் பழைய வீடுகளை எழுப்பிவைத்த தட்சிணசித்ரா அருங்காட்சியகம் திறந்தது. அதன் வடிவமைப்பில், கேரளத்தில் சிக்கனமாக வீடு கட்டிப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமுறையை இந்தியாவில் பரப்பியவர் அவர். செங்கல் கால்வாசி மிச்சமாகும், வெற்றிடமே வெயிலைத் தடுக்கும். மாணவர்கள் ஹராரேவுக்கு விமானம் ஏறும் முன் ஈசிஆரில் பஸ் ஏறி, அங்கே செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து பாருங்கள்.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "தம்பி, நான் இருப்பது மூன்றாவது மாடி பிளாட். எனக்கு மேலே வெறும் கான்கிரீட். சுர்க்கிக்கு எங்கே போவேன்?"

ஐயா, பங்குனியில் மொட்டைமாடியைப் பெருக்கிவிட்டு, கிளிஞ்சல் சுண்ணாம்பை வடிகட்டி இரண்டு கை வெள்ளையடியுங்கள். வெயிலில் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போட்டு அவ்வளவு பயனில்லை, சூடு கண்ணாடியைத் தாண்டி வந்தாகிவிட்டது. கடற்காற்று வந்ததும் தென்கிழக்கு ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்துவையுங்கள். அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு பீரோ நிற்கிறதா, முதலில் அதை நகர்த்துங்கள்.

"நிக்குதுப்பா," என்றார் பெரியவர்.