கதவைத் தட்டிய செவிலியர்

நண்பர்களே, குழந்தைப் 'புறக்கணிப்பு' என்று நாம் சொல்லும்போதே அந்தச் சொல்லுக்குள் ஒரு பழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வேண்டுமென்றே முதுகைக் காட்டிவிட்டுப் போன தாய் ஒருத்தி கண்முன் வருகிறாள். அமெரிக்காவில் குழந்தைப் பாதுகாப்புத் துறை உறுதிசெய்யும் கொடுமைகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று இந்த வகைதான். அடி உதை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு இல்லை, காய்ச்சலுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. இது எல்லாமே கல்நெஞ்சால் வருவதா?

டேவிட் ஓல்ட்ஸ் என்ற இளைஞர் 1970-ல் படிப்பை முடித்ததும் பால்டிமோர் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளின் பகல் காப்பகத்தில் வேலை பார்த்தார். அந்தச் சின்ன வயதிலேயே சில பிள்ளைகள் நொந்துபோயிருந்தார்கள். இன்னும் முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. எவ்வளவு முன்னால்? வயிற்றில் இருக்கும்போதே.

1970-களின் இறுதியில் நியூயார்க் மாநிலத்து எல்மைராவில் வேலை தொடங்கியது. தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்கள். பலர் பதின்வயதினர், மணமாகாதவர்கள், கையில் காசில்லாதவர்கள். யாருக்கு எந்த உதவி என்பதைச் சீட்டுக் குலுக்கிப்போட்டது போலப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வீட்டுக்குச் செவிலியர் போனார். பிரசவத்துக்கு முன் சராசரியாக 9 முறை, பிறகு குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை 23 முறை. என்ன செய்தார்? சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார், குழந்தை எதற்கு அழுகிறது என்று கூட இருந்து பார்த்தார். அந்தப் பெண்ணின் அம்மாவையோ தோழியையோ பேச்சில் சேர்த்துக்கொண்டார். எனக்குப் பிடித்தது இதுதான். செவிலியர் ஒருநாள் போய்விடுவார், அம்மா இருப்பாள்.

முதல் இரண்டு ஆண்டுகளில், ஏழ்மையில் இருந்த மணமாகாத பதின்வயதுத் தாய்மாரிடையே, குழந்தைக்குக் கொடுமையோ புறக்கணிப்போ நடந்தது செவிலியர் போகாத வீடுகளில் 19 சதவீதம், போன வீடுகளில் 4 சதவீதம். எண்ணிக்கை சிறியது, அடித்துச் சொல்ல முடியாது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்த வித்தியாசமும் காணாமல் போனது! செவிலியர் வந்துபோன வீடுகளில் தவறுகள் எளிதாகக் கண்ணில் பட்டிருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதானபோது கணக்குப் பார்த்தால், செவிலியர் போன வீடுகளில் உறுதியான புகார்கள் 48 சதவீதம் குறைவு. ஆனால் அடிதடி அதிகம் நடந்த வீடுகளில் இந்தப் பலன் தேய்ந்துபோனது. பெண்ணே அடிவாங்கும் இடத்தில் செவிலியர் தனியாக என்ன செய்வார்?

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே 1,645 இளம் தாய்மாரிடம் இதே திட்டத்தைச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். சிகரெட், குழந்தையின் எடை, அவசர சிகிச்சை எதிலும் பெரிய மாற்றம் இல்லை. தோல்வி என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் மருத்துவச்சியும் வீட்டுக்கு வரும் செவிலியரும் ஏற்கெனவே உண்டு. நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தானே செய்யும்.

அப்புறம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். பிரிந்துபோன தந்தை பிள்ளைக்காகக் கட்டும் ஜீவனாம்சத்தில் ஒரு பகுதியை, அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால், மாநிலமே வைத்துக்கொள்ளும். ஒரு சோதனையில் சில தாய்மாருக்கு முழுத்தொகையையும் கொடுத்தார்கள். கூடுதலாகக் கிடைத்தது பெரிய பணமில்லை. அந்த வீடுகள் மீது விசாரணைக்கு எடுக்கப்பட்ட புகார் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் குறைந்தது. அங்கே எந்தச் செவிலியரும் போகவில்லை.