சட்டைப் பித்தானைக் கவனிக்க ஒரு நிமிடம்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

'அரசு கொண்டுவரும் சுகாதாரச் சீர்திருத்தங்களை மருத்துவர்கள் எதிர்ப்பது வருமானத்துக்காகவா, வைத்தியம் பார்க்கும் சுதந்திரத்துக்காகவா?' இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் வருமானத்துக்காகத்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்தார். நான் இருபத்திரண்டு வருஷமாக ஓ.பி.யில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறவள். சுதந்திரத்துக்காகத்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

அவர் கொண்டுவந்த பெரிய சாட்சி பிரிட்டன். அங்கே தேசிய சுகாதார சேவை, அதாவது அரசே எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் தரும் ஏற்பாடு, தொடங்கியது 1948 ஜூலை 5 அன்று. கொண்டுவந்தவர் சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்த வருஷம் பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது பேர் 'வேண்டாம்' என்றார்கள். ஜூலையில் அவர்களில் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டார்கள். 'அவர்கள் வாயைத் தங்கத்தால் அடைத்தேன்' என்று பெவன் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அதைச் சொல்லித்தான் எதிரணித் தலைவர் கைதட்டல் வாங்கினார்.

சரி, அந்தத் தங்கம் யாருக்குப் போனது? பெரிய ஆஸ்பத்திரி நிபுணர்களுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டே கட்டண நோயாளிகளையும் பார்க்கலாம் என்ற சலுகை அவர்களுக்குத்தான் கிடைத்தது. குடும்ப டாக்டர்களின் பயம் வேறு. நம்மையெல்லாம் மாதச் சம்பளத்துக்கு அமர்த்தி, மேலிடம் சொன்னபடி ஆடுகிற ஊழியர்களாக்கி விடுவார்களோ என்று அவர்கள் பயந்தார்கள். ஏப்ரலில் பெவன் இறங்கிவந்தார். முழுநேரச் சம்பள வேலையாக இதை மாற்ற மாட்டோம், சட்டத்திலேயே எழுதித் தருகிறோம் என்றார். மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. எதிர்ப்பு மளமளவென்று இறங்கியது. பணம்தான் குறி என்றால், மாதம் பிறந்ததும் தவறாமல் கைக்கு வருகிற சம்பளத்தைக் கண்டு ஒருவர் ஏன் மிரள வேண்டும்?

கனடாவுக்கு வருகிறேன். சஸ்காட்செவன் மாகாணத்தில் 1962 ஜூலை 1 அன்று அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே டாக்டர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 23 நாள். ஒரு மருத்துவராக அந்த 23 நாளை நான் நியாயப்படுத்த மாட்டேன். நோயாளியை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதை எந்தக் கொள்கையாலும் மன்னிக்க முடியாது. ஆனால் தகராறு எதில் தீர்ந்தது என்று பாருங்கள். பிரிட்டனிலிருந்து ஸ்டீபன் டெய்லர் என்ற மருத்துவர் வந்து இருதரப்புக்கும் நடுவே அலைந்து ஒப்பந்தம் போட்டார். டாக்டர்கள் சம்பளக்காரர்கள் ஆகவில்லை. பார்க்கிற நோயாளிக்குத் தகுந்த கட்டணம் என்ற முறை நீடித்தது. விரும்பியவர்கள் திட்டத்துக்கு வெளியே நின்றும் தொழில் செய்யலாம் என்று ஆனது. காப்பீடு அப்படியே நிலைத்தது. பிற்பாடு கனடா முழுவதும் அந்த வழிக்கு வந்தது.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் சட்டத்தில் 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார். அதைத் தடுக்க அமெரிக்க மருத்துவர் சங்கம் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியது. சட்டம் வந்தபிறகு டாக்டர்களின் வருமானம் குறைந்ததா? கூடியது. மூன்று இடத்திலும் எங்கள் முன்னோர்கள் 'வைத்தியமே அழிந்துவிடும்' என்றார்கள். அப்படி எதுவும் அழியவில்லை. அதில் அவர்கள் கணிப்பு தவறுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, இங்கேதான் எதிரணியின் வாதம் நொண்டுகிறது. பணம்தான் நோய் என்றால் பணம் வந்ததும் குணமாகியிருக்க வேண்டும் அல்லவா? குணமாகவில்லையே! அந்த அமெரிக்காவிலேயே 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. 57 மருத்துவர்களின் பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்துக் குறித்த ஆய்வு. நோயாளியோடு நேருக்கு நேர் செலவிடும் ஒவ்வொரு ஒரு மணி நேரத்துக்கும், கணினிப் பதிவு, மேசை வேலை என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது என்று கண்டார்கள். அப்புறம் வீட்டுக்குப் போய் இரவிலும் அதே வேலை.

இந்தப் புள்ளிவிவரம் எனக்குப் புதிதல்ல. என் அறையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டிய ஒருவர். முழங்கால் வலி என்று மூன்றாவது தடவையாக வந்திருந்தார். ஒரு திட்டத்தின் கீழ் பதிவானவர். அதனால் வருகிற ஒவ்வொரு முறையும் பதினான்கு கட்டங்களை நான் திரையில் நிரப்ப வேண்டும். ஒன்று விட்டாலும் அடுத்த பக்கம் திறக்காது. முதல் இரண்டு தடவையும் அவர் பேசினார், நான் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே 'ம்' கொட்டினேன். மூன்றாம் தடவை கணினி நின்றுபோனது. செய்ய ஒன்றுமில்லாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்தம் பார்ப்பதற்காகச் சுருட்டியிருந்த இடக்கைச் சட்டையை இறக்கி, மணிக்கட்டுப் பித்தானைப் போட முயன்றார். வலக்கை விரல்கள் பித்தானைப் பிடிக்கின்றன, ஓட்டைக்குள் தள்ள வரவில்லை. நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். "கொஞ்சம் நடந்து காட்டுங்க ஐயா" என்றேன். நடந்தார். இடக்கை வீசியது, வலக்கை வீசவே இல்லை.

பார்க்கின்சன் நோயின் ஆரம்பம். உடல் அசைவுகளை மெல்ல மெல்ல முடக்கும் நரம்பு நோய் அது. முந்தைய இரண்டு தடவையும் அந்த நோய் என் கண்முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. பதினான்கு கட்டமும் சரியாக நிரம்பியிருந்தது, தணிக்கையில் எனக்கு முழு மதிப்பெண். அந்த மனிதரை மட்டும் நான் பார்க்கவில்லை.

இதற்குத்தான் நாங்கள் கோபப்படுகிறோம். இந்தக் கோபத்தில் ரூபாய்க் கணக்கு எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண். தினமும் சுத்தம் செய்து, கட்டு மாற்றி, ஒன்றிரண்டு மாதம் பொறுத்திருந்தால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்று கை சொல்கிறது. நான் பார்த்த ஒரு திட்டத்தில் காலை எடுக்கும் அறுவைக்குத் தனி பேக்கேஜ், அதாவது இவ்வளவு என்று ஒதுக்கிய தொகை, இருந்தது. இரண்டு மாதம் கட்டு மாற்றுவதற்கு இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவர் கெட்டவர் இல்லை. அறுவையை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், பொறுமையை எண்ண முடியாது, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல, திட்டம் எழுதிய அந்த மேசையில் புண்ணைச் சுத்தம் செய்கிற ஒருவரையும் உட்கார வைக்கவில்லை.

அடுத்துப் பேசப்போகும் எதிரணி நண்பர் தென்கொரியாவைக் கையில் எடுப்பார் என்று தெரியும். நானே சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் அந்த அரசு மருத்துவக் கல்லூரி இடங்களை 3,058-லிருந்து 5,058 ஆக உயர்த்தப்போவதாக அறிவித்தது. பயிற்சி டாக்டர்கள் ஆயிரக்கணக்கில் ராஜினாமா செய்தார்கள். போட்டிக்குப் பயந்தவர்கள் அதில் இல்லவே இல்லை என்று நான் சாதிக்க மாட்டேன், இருந்திருப்பார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அங்கே சட்டம் அனுமதித்த வேலைநேரம் வாரத்துக்கு 80 மணி நேரம். ஒரே மூச்சில் 36 மணி நேரம்வரை நிற்கலாம் என்று அப்போது இருந்தது. அப்படி நின்றவர்கள் கேட்டதில் ஒன்று, அவசர சிகிச்சை, பிரசவம் போன்ற துறைகளுக்கு ஆள் வராததன் காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள் என்பது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 'காசுக்காகக் கத்துகிறார்கள்' என்று முத்திரை குத்தினால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

சீர்திருத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் அன்று 'வேண்டாம்' என்று வாக்களித்த அதே சங்கம் இன்று அந்தச் சேவையைக் காப்பாற்றக் குரல் கொடுக்கிறது. 2010-ல் அமெரிக்காவில் ஒபாமாவின் சுகாதாரச் சட்டத்தை, மெடிகேரை எதிர்த்த அதே சங்கம் ஆதரித்தது. காசில்லாதவனுக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு எந்தச் சண்டையும் கிடையாது.

ஆகவே தீர்ப்பு எழுதுமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த படிவத்தை வடிவமைக்கப்போகிற அதிகாரி யாராக இருந்தாலும், ஒரு திங்கட்கிழமைக் காலை ஓ.பி.யில் என் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரட்டும். பதினைந்தாவது கட்டம் வேண்டுமா என்பதை அன்று மத்தியானம் முடிவு செய்யட்டும்.

மணி அடித்துவிட்டீர்கள். நன்றி, வணக்கம்.