பம்ப் ஓடுகிறது, ரத்தம் போய்ச் சேர்கிறதா?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இதயம் மிகவும் தளர்ந்துபோன சிலருக்கு நெஞ்சுக்குள் ஒரு சிறிய பம்பைப் பொருத்துகிறார்கள். மாற்று இதயம் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்கச் சிலருக்கு. மாற்று அறுவை சிகிச்சை செய்ய முடியாத சிலருக்கு வாழ்நாள் முழுவதற்கும். மருத்துவர்கள் இதை எல்.வி.ஏ.டி. என்பார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருந்தும் இந்தப் பம்ப் உள்ளவர்களுக்கு வரும் வால்வுக் கசிவைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று நான் விரும்பியதற்குக் காரணம் உண்டு. அறுவை சிகிச்சை பெங்களூரிலோ சென்னையிலோ நடக்கும். அதன்பின் அந்த மனிதர் வாழப்போவது பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோதான். நள்ளிரவில் அவருக்கு மூச்சு வாங்கினால் முதலில் பக்கத்தில் நிற்பவர்கள் வீட்டாரும், 108 ஆம்புலன்ஸ் ஊழியரும், ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரும்தான்.

இந்தப் பம்ப் இதயத்தின் இடது கீழறையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ரத்தத்தை உறிஞ்சி, ஒரு குழாய் வழியாக நேரே பெருந்தமனிக்குள் செலுத்துகிறது. ஹார்ட்மேட் 3 என்ற கருவியில் சுழலி காந்த விசையில் மிதந்தபடி நிமிடத்துக்கு 5,000 முறைக்கு மேல் சுழல்கிறது. வயிற்றுத் தோல் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து, இடுப்பில் கட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியோடும் பேட்டரியோடும் இணைகிறது.

இயல்பான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் பெருந்தமனி வால்வைத் திறந்து ரத்தத்தை வெளியேற்றும். பம்ப் இந்த வேலையை எடுத்துக்கொண்டதும் வால்வு சரியாகத் திறப்பதில்லை. பல நோயாளிகளிடம் அது நாள் முழுக்க மூடியே கிடக்கிறது. மேலிருந்து பெருந்தமனியின் அழுத்தம் இடைவிடாமல் அதை அழுத்துகிறது. மாதங்கள் செல்லச் செல்ல வால்வின் மூன்று இதழ்களும் ஓரங்களில் ஒட்டிக்கொள்கின்றன, சுருங்குகின்றன; வால்வைத் தாங்கும் பெருந்தமனியின் அடிப்பகுதி விரிகிறது. நடுவில் இடைவெளி விழுகிறது. ரத்தம் பின்னோக்கிக் கசியத் தொடங்குகிறது. முந்தைய தலைமுறைக் கருவிகள் பொருத்தப்பட்டவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு முதல் ஓராண்டிலேயே குறிப்பிடத்தக்க கசிவு வந்தது. புதிய கருவியில் இது குறைவு. ஆனால் இல்லாமல் போகவில்லை.

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இது உடனே புரியும். மேலே தொட்டிக்கு ஏற்றிய தண்ணீர், பழுதான வால்வு வழியாகத் திரும்பக் கிணற்றிலேயே விழுந்தால் என்ன ஆகும்? மோட்டார் ஓடும், கரண்ட் செலவாகும், வயல் மட்டும் காயும். அதேபோல பம்ப் அனுப்பிய ரத்தம் வால்வு வழியாக இடது கீழறைக்கே வழிந்து, மறுபடி பம்புக்குள் போகிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியில் தெரியும் ரத்த ஓட்ட அளவு, பம்ப் இழுக்கும் மின்சக்தியையும் வேகத்தையும் வைத்துக் கணித்துச் சொல்லும் ஓர் எண். திரும்பத் திரும்பச் சுற்றும் ரத்தத்தையும் அது சேர்த்தே எண்ணுகிறது. ஆகவே எண் நன்றாக இருக்கும். நோயாளிக்குக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், சிறுநீர் குறையும். பெட்டியில் எண் சரியாகத்தானே இருக்கிறது என்று தயவுசெய்து யாரும் இருந்துவிட வேண்டாம். உடம்பு சொல்வதை நம்புங்கள். எக்கோ பரிசோதனை கேளுங்கள்.

கசிவைத் தள்ளிப்போட நம் கையில் இருக்கும் மிகப் பெரிய கருவி ரத்த அழுத்தக் கட்டுப்பாடு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அழுத்தம் கூடினால் வால்வின் மேல் சுமை கூடுகிறது, கசிவும் கூடுகிறது. சராசரி அழுத்தம், அதாவது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைப்பட்ட அளவு, பெரும்பாலும் 90ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சிக்கல் அளப்பதில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து அழுத்தம் பார்க்கிறார்கள். பம்ப் உள்ளவரிடம் அந்தத் தானியங்கிக் கருவி பல சமயம் பிழை காட்டும், ஏனென்றால் அவருக்கு நாடித் துடிப்பே சரியாகத் தெரியாது. டாப்ளர் என்ற ஒலிக் கருவியால் அளக்க வேண்டும். அது இருக்கும் மருத்துவமனை எது என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பும் இங்கே வந்து சேர்கிறது. மாங்காய் விளையும் ஊரில் ஊறுகாயைக் குறைக்கச் சொல்வது கடினம், தெரியும். இருந்தாலும் குறைக்கத்தான் வேண்டும். ஒகேனக்கல்லுக்குப் போனால் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கும் ஆசையையும் விட்டுவிட வேண்டும். ஒயர் வெளிவரும் இடம் நனைந்து தொற்று ஏறினால் அது வேறொரு பெரும் துன்பம்.

கசிவு வந்துவிட்டால்? தொடக்கத்தில் எக்கோ பார்த்தபடியே பம்பின் வேகத்தைச் சற்றுக் குறைத்து, வால்வு அவ்வப்போதாவது திறக்கும்படி செய்வார்கள். கசிவு முற்றிய பிறகு இது எப்போதும் உதவாது. வேகத்தைக் குறைத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். அப்போது எதிர்மாறாக வேகத்தைக் கூட்டி, நீர் பிரியும் மருந்தும் கொடுக்க வேண்டிவரும். வீட்டில் யாரும் இதைத் தீர்மானிக்க முடியாது.

அதற்கும் அடங்காவிட்டால் வால்வைத் தொட்டாக வேண்டும். இதழ்களின் நடுவில் தையல் போட்டுச் சேர்க்கலாம், திசு வால்வு வைக்கலாம். சரியாகத் திறந்து மூடாத இடத்தில் உலோக வால்வு ரத்தக் கட்டியை வரவழைக்கும் என்பதால் அதைத் தவிர்க்கிறார்கள். வால்வை முழுதாக அடைத்துவிடுவதும் உண்டு; ஆனால் பம்ப் நின்றால் ரத்தத்துக்கு வேறு வழி இருக்காது என்பதால் அதற்கு எனக்கு மனம் ஒப்புவதில்லை. மறுபடி நெஞ்சைத் திறக்க முடியாதவர்களுக்குத் தொடை வழியாக வால்வு செலுத்துகிறார்கள். இப்படித் தொடை வழியாகச் செலுத்தும் வழக்கமான வால்வுகள் (டாவி என்பார்கள்) சுண்ணாம்பு படிந்து கெட்டியான வால்வைப் பிடிமானமாகக் கொண்டு நிற்பவை. இவர்களுடைய வால்வோ மென்மையானது. புது வால்வு வழுக்கி இதயத்துக்குள்ளேயே விழும் ஆபத்து உண்டு. இதழ்களையே கவ்விப் பிடிக்கும் ட்ரைலஜி என்ற வால்வு, கசிவு நோய்க்காக 2021ல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. மாற்று இதயத்துக்குத் தகுதி உள்ளவர் என்றால், கசிவு முற்றுவதற்குள் அந்தப் பேச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் கசிவோ, பம்ப் வைத்ததும் பெரும்பாலும் தானே குறையும். இதயத்தின் வீக்கம் வடிவதால் இதழ்கள் நெருங்கி வருகின்றன.

108 ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. பம்ப் உள்ளவரிடம் நாடி தட்டுப்படவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நினைவு இருக்கிறதா, தோல் நிறம் எப்படி, ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ‘ம்ம்’ என்ற ஓசை கேட்கிறதா, பெட்டியில் அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் ஏற்றும்போது மாற்று பேட்டரிகளும் மாற்றுப் பெட்டியும் கூடவே வரட்டும். பம்ப் பொருத்திய மருத்துவமனையின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவைக்கும்படி குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.