விடுதலைக்கு ஒரு சொல் தேடியவர்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

1886ஆம் ஆண்டு. ஜெர்மனியில் தங்கியிருந்த இருபத்தைந்து வயது பிலிப்பினோ இளைஞர் ஒருவர், ஷில்லரின் ‘வில்லியம் டெல்’ நாடகத்தைத் தம் தாய்மொழியான தகலோகில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஊரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டும். சுவிட்சர்லாந்து மக்கள் தங்கள் சுதந்திரத்துக்காக எழுந்து நிற்கும் கதை அது. ‘சுதந்திரம்’ என்ற சொல்லுக்கு வந்ததும் அவருடைய பேனா நின்றுவிட்டது.

தகலோகில் ‘கலிக்தாசான்’ என்று ஒரு சொல் உண்டு. ஆனால் அதைச் சொன்னால், ஏற்கெனவே ஏதோ ஒரு சிறையில் கிடந்து மீண்டவன் என்று பொருள் வந்துவிடும், அதனால் அது சரிப்படாது என்று அண்ணனுக்கு எழுதினார். நம்முடைய ‘விடுதலை’ என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு பூட்டிய கதவு இருக்கத்தானே செய்கிறது? கடைசியில், மார்செலோ டெல் பிலார் என்ற எழுத்தாளர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்பில் கையாண்ட ‘மலயா’ என்ற சொல் அவருக்கு நினைவுக்கு வந்தது. கட்டுகள் இல்லாத நிலை என்று பொருள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘கலயாஆன்’.

அந்த இளைஞர் ஹொசே ரிசால். பிலிப்பைன்ஸ் நாட்டின் தேசிய வீரராகப் போற்றப்படுபவர். ஆனால் இன்று நான் அவருடைய வீரத்தைப் பற்றிப் பேச வரவில்லை. அந்தப் பேனா நின்ற இடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஒரு தேசத்தைச் சொல்லில் படைக்க வந்தவருக்கு எந்த மொழியில் எழுதுவது என்பதே பெரும் கேள்வியாக இருந்தது.

ஸ்பெயின் 1565இல் அந்தத் தீவுகளில் காலூன்றி 333 ஆண்டுகள் ஆண்டது. நாட்டின் பெயரே ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப்பின் பெயர்தான். ‘பிலிப்பினோ’ என்ற சொல்கூட முதலில் அந்த மண்ணின் மக்களைக் குறிக்கவில்லை. தீவுகளில் பிறந்த ஸ்பானியர்களுக்கே அந்தப் பெயர். மண்ணின் மக்களை ‘இந்தியோ’ என்றார்கள். 1849இல் ஆளுநர் கிளவேரியா ஒரு பெரிய பெயர்ப் பட்டியலை அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பி, அதிலிருந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பட்டியலின் தாள்களைப் பிரித்து அனுப்பியதால், ஓர் ஊரில் பெரும்பாலான குடும்பங்களின் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கும் நிலை வந்தது. வீட்டுப் பெயரைக்கூட ஆட்சியாளரின் தாளிலிருந்து எடுக்க வேண்டியிருந்த மக்கள் அவர்கள்.

இவ்வளவு செய்தவர்கள் தங்கள் மொழியை மட்டும் கொடுக்கவில்லை. ஊரை உண்மையில் ஆண்டவர்கள் பாதிரிமார்கள். அவர்கள் மக்களின் மொழிகளைக் கற்றுக்கொண்டார்கள், மக்கள் ஸ்பானியம் கற்பதை விரும்பவில்லை. ரிசாலின் முதல் நாவலான ‘நோலி மே தாங்கெரே’வில் ஒரு காட்சி உண்டு. எத்தனை முறை படித்தாலும் என்னால் கடந்து போக முடியாத காட்சி. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தனிக் கட்டடம் இல்லை. பாதிரியாரின் மாளிகையின் கீழ்த்தளத்தில், அவருடைய குதிரை வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாடம் நடக்கிறது. பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்தால் மேலே இருப்பவருக்குத் தொந்தரவு. பிள்ளைகளுக்கு ஸ்பானியம் சொல்லிக்கொடுக்க முயலும் ஆசிரியர், ஒருநாள் பாதிரியார் தாமாசோவுக்கு ஸ்பானியத்தில் வணக்கம் சொல்கிறார். இரவல் உடுப்பு உனக்கு வேண்டாம், உன் மொழியையே பேசு, ஸ்பானியத்தைக் கெடுக்காதே, அது உங்களுக்கானது அல்ல என்று பாதிரியார் முகத்தில் அடித்தாற்போலச் சொல்கிறார்.

அந்த நாவலை ரிசால் எழுதியது அதே ஸ்பானியத்தில்தான். 1887இல் பெர்லினில் 2,000 படிகள் அச்சாயின. அச்சுக்கூலிக்குப் பணம் இல்லாமல் தவித்தபோது மாக்சிமோ வியோலா என்ற நண்பர் 300 பேசோ கொடுத்து உதவினார். மணிலாவில் நூலுக்குத் தடை வந்தது. இரண்டாவது நாவல் ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ 1891இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் வெளிவந்தது. 1872இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட கோமேஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அந்தப் புர்கோஸ் ரிசாலின் அண்ணன் பசியானோவுக்கு மிக நெருக்கமானவர். அவர்கள் இறந்தபோது ரிசாலுக்குப் பத்து வயது.

இரண்டாவது நாவலில் சிமோன் என்ற பாத்திரம், ஸ்பானியம் கற்பிக்கச் சொல்லி மனுப்போடும் மாணவர்களைக் குறித்துச் சீறுகிறது. ஒரு மக்கள்கூட்டம் தன் மொழியைக் காத்துவரும் வரை தன் சுதந்திரத்துக்கான பிணையைக் காத்துவருகிறது என்கிறது. இதைச் சொல்வதும் ஸ்பானியத்தில்தான். இதை ரிசாலின் முரண்பாடு என்று நான் சொல்லமாட்டேன். தம் கையில் இருந்த ஆயுதம் எதிராளியின் பட்டறையில் அடித்தது என்று அறிந்தே அவர் அதை ஏந்தினார். அந்த வலி அவர் எழுத்தில் தெரிகிறது.

1896 டிசம்பர் 30, காலை. மணிலாவில் ரிசாலைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 35. அதற்கு முன்னர், சாராயத்தில் எரியும் ஒரு சிறிய அடுப்பைத் தங்கையிடம் கொடுக்கச் செய்து, உள்ளே ஒன்று இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். காவலர்களுக்குப் புரியக் கூடாது. உள்ளே இருந்தது தலைப்பும் கையெழுத்தும் இல்லாத ஒரு ஸ்பானியக் கவிதை. தாய்நாட்டுக்கு விடைசொல்லும் 14 பத்திகள். அதைத் தகலோகில் பெயர்த்தவர் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ. கல்லூரி வாசல் மிதிக்காதவர், கிடங்கில் வேலை பார்த்தவர், ‘கதிபுனான்’ என்ற இரகசியப் புரட்சி இயக்கத்தின் தலைவர். அந்த இயக்கம் 1896இல் வெளியிட்ட பத்திரிகையின் பெயர் என்ன தெரியுமா? ‘கலயாஆன்’.

1898 ஜூன் 12இல் சுதந்திரப் பிரகடனம் ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பரில், பிலிப்பினோக்கள் யாரையும் கேட்காமலே, 2 கோடி டாலருக்கு ஸ்பெயின் அந்த நாட்டை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது. பிலிப்பினோக்களுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. 1901இல் ‘தாமஸ்’ என்ற கப்பலில் சுமார் ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். ஸ்பெயின் பூட்டிவைத்தது, அமெரிக்கா ஊட்டிவிட்டது. ஒரே தலைமுறையில் பள்ளிக்கூடம் ஆங்கிலமாயிற்று. தங்கள் தேசத்தைப் பெற்றெடுத்த நாவலைப் பேரப்பிள்ளைகள் மொழிபெயர்ப்பில்தான் படிக்க முடிந்தது. 1956இல் ரிசாலின் நாவல்களை முழு வடிவில் கல்விக்கூடங்களில் படிக்க வைக்கும் சட்டம் வந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. சட்டம் நிறைவேறியது. அமெரிக்கா ஆட்சியை விட்டுச் சென்ற 1946 ஜூலை 4தான் முதலில் சுதந்திர நாளாக இருந்தது. 1962இல் அதை ஜூன் 12க்கு மாற்றினார்கள். அந்த நாளுக்கு மக்கள் வழங்கும் பெயர் ‘ஆராவ் நங் கலயாஆன்’, கலயாஆன் நாள்.

ரிசால் மூன்றாவதாக ஒரு நாவலும் தொடங்கினார். பெயர் ‘மக்கமிசா’. பூசை முடிந்த வேளை என்று பொருள். இந்த முறை ஸ்பானியத்தை ஒதுக்கிவிட்டுத் தகலோகில் எழுதினார், தம் ஊர்க்காரர்கள் நேராகப் படிக்கட்டும் என்று. கையெழுத்துப் படியில் சில பக்கங்கள் தகலோகில் ஓடுகின்றன. அடித்தும் திருத்தியும் எழுதிய பக்கங்கள். பிறகு தகலோக் நின்றுவிடுகிறது. அதே கதையை ஸ்பானியத்தில் எடுத்து எழுதுகிறார். அதுவும் பாதியில் நிற்கிறது.

வணக்கம்.